லெட்யூஸில் தேமல்: மூன்று முறை மருந்தடித்தும் நிற்காதது ஏன்?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். பெங்களூரில் சர்ஜாபுரத்துக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, நிழல்வலைக்குள் நானும் என் கணவரும் லெட்யூஸ் வளர்க்கிறோம். ரொமெய்ன், ஐஸ்பெர்க், சுருட்டை இலையில் பச்சை, சிவப்பு என்று நாலு வகை. பத்து நாளைக்கு ஒரு தடவை நாற்று விட்டு, இரண்டு கஃபேக்கும் சில அப்பார்ட்மென்ட்டுகளுக்கும் கொடுக்கிறோம். டிசம்பரிலிருந்து ரொமெய்ன் செடிகள் குட்டையாகவே நின்றுவிடுகின்றன. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. அப்புறம் பக்கத்து ஐஸ்பெர்க்கும் அப்படியே ஆகி, உருண்டை கட்டவில்லை. கிழக்கு ஓரப் பாத்தியில் வேறு மாதிரி: பழுப்புப் புள்ளி விழுந்து, செடி ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. அந்தப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் சாமந்தி, அதற்கு அப்பால் தக்காளி. கடைக்காரர் வெள்ளை ஈ என்று சொல்லிக் கொடுத்த மருந்தை ஐந்து நாளைக்கு ஒன்றாக மூன்று முறை அடித்தோம். பலனில்லை. இத்தனைக்கும் இலையைப் புரட்டிப் பார்த்தால் பூச்சியே பெரிதாக இல்லை. ரொமெய்ன் விதை மட்டும் போன வருஷம் நன்றாக வந்த செடிகளைப் பூக்கவிட்டு நானே எடுத்தது. இப்போதும் பாத்திக்கு இரண்டு செடி விதைக்கு விட்டிருக்கிறேன். பிடுங்கிய நோய்ச் செடிகளை வேலி ஓரம் குவித்திருக்கிறோம். வைரஸுக்கென்றே ஒரு மருந்து வந்திருக்கிறதாம், வாங்கலாமா? இந்த இலையை விற்கலாமா? சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது ஆகுமா?

ஒரு வாசகி, பெங்களூரு

பதில்:

வணக்கம் அம்மா. அந்த மருந்தை வாங்காதீர்கள். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸை வெளியே எடுக்கிற மருந்து எந்தக் கடையிலும் இல்லை. அப்படிச் சொல்லி விற்கும் பாட்டிலை அடித்த பிறகு இலை கொஞ்சம் பச்சை பிடித்தால், அது அதில் கலந்திருக்கும் சத்தின் வேலை. வைரஸ் இருந்த இடத்திலேயே இருக்கும், அந்தச் செடி அடுத்த செடிக்கு நோய் கொடுத்துக்கொண்டும் இருக்கும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் தோட்டத்தில் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருப்பதாகத் தோன்றுகிறது. ரொமெய்னிலும் ஐஸ்பெர்க்கிலும் இருப்பது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி பரப்பும் தேமல், அதாவது இலையைத் திட்டுத் திட்டாக்கும் வைரஸ் நோய். கிழக்கு ஓரத்தில் இருப்பது இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்ற வேறொரு பூச்சி கொண்டுவரும் வைரஸ். இரண்டையும் ஒரே மருந்தால் நிறுத்தப் பார்த்ததில்தான் உங்கள் பணமும் இரண்டு வாரமும் போயிருக்கின்றன. வழி தனித்தனி என்பதால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

தேமலுக்கு என் முதல் சந்தேகம் நீங்களே எடுத்த அந்த விதை. லெட்யூஸ் தேமல் வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. 1921-லேயே அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டு எழுதிவிட்டார்கள். தாய்ச்செடிக்குப் பூப்பதற்கு முன்னால் இந்த நோய் வந்திருந்தால், அதன் விதைகளில் ஒரு பங்கு வைரஸோடுதான் முளைக்கும். தாய்ச்செடி பார்வைக்கு நன்றாகவே இருந்திருக்கலாம். வளர்ந்த பிறகு நோய் தொற்றிய செடியில் அறிகுறி மங்கலாகத்தான் தெரியும். நல்ல செடி என்று பார்த்துப் பார்த்து நீங்கள் விட்டதில் ஒன்றிரண்டு அப்படி இருந்தாலே போதும்.

எவ்வளவு போதும் என்பதற்கு ஒரு கணக்கு. கலிபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கு என்ற இடம் லெட்யூஸுக்குப் பேர்போனது. ஆயிரம் விதையில் ஒன்று நோயோடு இருந்தாலும் வயல் தாங்காது என்று அங்கே பட்டுத் தெரிந்துகொண்டு, 30,000 விதையைச் சோதித்து அதில் ஒன்றில்கூட வைரஸ் இருக்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். லெட்யூஸ் விதை ஒரு கிராமில் 800 முதல் 1,000 வரை இருக்கும். அப்படியானால் 30,000 விதை என்பது ஒரு கைப்பிடி அளவு. அதில் ஒன்றுகூடக் கூடாது என்கிறார்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்றே வைத்தாலும், நீங்கள் 10,000 நாற்று நட்டால் பத்துச் செடி தோட்டத்தின் பத்து மூலையில் முதல் நாளே நோயோடு உட்கார்ந்திருக்கும். மீதியை அசுவினி பார்த்துக்கொள்ளும்.

நாற்றிலேயே கண்டுபிடிக்க முடியும், கொஞ்சம் பழகவேண்டும். காலையில் வெயில் ஏறுமுன், குழித்தட்டில் மற்றவற்றைவிடக் குட்டையாக, இலை லேசாகச் சுருண்டு நிற்கும் நாற்றை எடுங்கள். இளம் இலை ஒன்றைக் கிள்ளி வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிறு நரம்புகள் கண்ணாடி மாதிரி வெளுத்து, அவற்றுக்கு நடுவே பச்சை ஒரே சீராக இல்லாமல் மேகம் மேகமாகத் தெரிந்தால் அது தேமல்தான். நல்ல இலை ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே பிடிபடும். சிவப்பு வகையில் நிறம் எல்லாவற்றையும் மறைத்துவிடும், அங்கே குட்டையாக நிற்பது ஒன்றுதான் அடையாளம். உங்கள் சிவப்புப் பாத்தி தப்பித்துவிட்டது என்று இப்போதைக்கு நம்பவேண்டாம்.

சரி, பூச்சியே இல்லாத தோட்டத்தில் பூச்சி பரப்பும் நோய் எப்படி வந்தது? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சிறகு முளைத்த அசுவினி ஒன்று எங்கிருந்தோ காற்றில் வந்து இறங்குகிறது. இது நமக்கு ஏற்ற செடிதானா என்று பார்க்க, ஊசி போன்ற வாயை இலையின் மேல்தோலில் குத்திச் சுவைத்துப் பார்க்கிறது. பிடிக்கவில்லையென்றால் எழுந்து அடுத்த செடிக்குப் போகிறது, அங்கும் ஒரு குத்து. தேமல் வைரஸ் வாயில் ஒட்டிக்கொள்ள இந்த ஒரு குத்து போதும், சில விநாடிகள்தான். அடுத்த செடிக்குள் இறங்கவும் அதே சில விநாடிகள். லெட்யூஸில் குடும்பம் நடத்தவே விரும்பாத, முட்டைக்கோஸுக்கோ மிளகாய்க்கோ போகிற வழியில் இறங்கிய அசுவினிகூட நாலு செடிக்கு நோய் கொடுத்துவிட்டுப் போய்விடும். நீங்கள் இலையைப் புரட்டும்போது அது அங்கே இருக்காது.

இப்போது மருந்து பலிக்காத காரணம் புரியும். மருந்து பட்ட இலையைக் குத்திய அசுவினி சாகலாம், ஆனால் அதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் வைரஸ் இறங்கிவிட்டிருக்கும். சில மருந்துகள் அசுவினியை நிலைகொள்ளாமல் செய்துவிடும். ஒரே செடியில் இருந்திருக்க வேண்டியது இன்னும் பல செடிகளில் ஏறி இறங்கும். மருந்தடித்தே தேமலைப் பரப்பியவர்கள் உண்டு. அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் அந்த மருந்தில் செத்திருக்கும், அது தனி நஷ்டம். வேறு சில வைரஸ்கள் இருக்கின்றன, அசுவினி மணிக்கணக்காகச் சாறு உறிஞ்சினால்தான் அதன் உடம்புக்குள் போய் எச்சில் வழியாக வெளியே வரும். அடி இலை மஞ்சளாகித் தடித்து மொறுமொறுவென்று ஆகும் நோய் அந்த வகை. அதற்கு மருந்து ஓரளவு பயன்படும். உங்களுடையது அது மாதிரித் தெரியவில்லை.

வெள்ளை ஈயைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர் சொன்னது முழுக்க அர்த்தமில்லாதது இல்லை. 1981-ல் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைப் பகுதிகளில் வெள்ளை ஈ பரப்பிய மஞ்சள் நோய் ஒன்று லெட்யூஸைப் பாதிக்கு மேல் அழித்தது. பத்து வருஷம் அதோடு போராடிக்கொண்டிருந்தார்கள். 1990 வாக்கில் வேறொரு ரக வெள்ளை ஈ வந்து பழைய ரகத்தை விரட்டிவிட்டது. புதிய ரகத்துக்கு அந்த வைரஸைச் சரியாகக் கடத்தத் தெரியவில்லை, நோய் தானாகவே அடங்கிவிட்டது. (புதிய ஈ வேறு பல தொல்லைகளைக் கொடுத்தது என்பது வேறு கதை.) ஆனால் அந்த நோயில் இலை மஞ்சளாகும், திட்டுத் தேமல் வராது. பெங்களூரைச் சுற்றி வெள்ளை ஈக்கு முக்கிய வேலை தக்காளி இலைச்சுருட்டைதான். கடைக்காரர் தினமும் தக்காளிக்காரர்களைப் பார்க்கிறவர், அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார்.

இனிக் கிழக்கு ஓரம். பழுப்புப் புள்ளி, ஒரு பக்கமாகத் திருகிய வளர்ச்சி, அந்தப் பக்கம் சாமந்தி, தக்காளி. இவ்வளவும் சேர்ந்தால் இலைப்பேன் பரப்பும் வைரஸ்களைத்தான் நினைக்கவேண்டும். தென்னிந்தியத் தக்காளியில் அடிக்கடி பார்க்கிற நிலக்கடலை மொட்டுக்கருகல் வைரஸ் இந்தக் குடும்பம். உலகமெங்கும் லெட்யூஸைக் கெடுக்கும் தக்காளிப் புள்ளிவாடல் வைரஸும் இதே குடும்பம். சாமந்தியிலும் அது வரும். நம் நாட்டுச் சாமந்தியில் அதைக் கண்டதாக 2015-ல் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். உங்களுடையது எது என்பதைச் சோதனைதான் சொல்லவேண்டும்.

இலைப்பேனின் கணக்கு அசுவினிக்கு நேர் எதிர். இறக்கை முளைத்த இலைப்பேன் நோய்ச் செடியைத் தின்றால் பரப்பாது. குஞ்சாக இருக்கும்போது நோய்ச் செடியில் தின்றிருக்கவேண்டும். அப்போது வைரஸ் உடம்புக்குள் போய்ப் பெருகி, வளர்ந்த பிறகு ஆயுள் முழுக்க வெளியே வந்துகொண்டே இருக்கும். முட்டைக்குப் போகாது. உங்கள் தோட்டத்துக்கு இதற்கு என்ன அர்த்தம் என்றால், கிழக்கு ஓரத்தில் இப்போது இருக்கும் நோயில் பெரும்பங்கு வெளியிலிருந்து வளர்ந்தே வந்த இலைப்பேன் கொடுத்தது. சங்கராந்திக்குச் சாமந்தியைப் பறித்து முடித்ததும் செடியை அப்படியே காயவிடுவார்கள், அதிலிருப்பவை பச்சையைத் தேடி உங்கள் பக்கம் கிளம்பிவிடும். ஆனால் நோய்ச் செடியை நீங்கள் பாத்தியிலேயே விட்டுவைத்தால் குஞ்சுகள் அதிலேயே வளரும், அடுத்த தலைமுறை உங்கள் தோட்டத்துப் பிறப்பாக இருக்கும். பெங்களூர் மார்ச், ஏப்ரல் வெயிலில் இலைப்பேன் வேகமாகப் பெருகும். அதற்குள் முந்திக்கொள்ளவேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளைச் செடிக்குக் கீழே பிடித்து இலையை நாலு தட்டுத் தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், மஞ்சளாகவோ பழுப்பாகவோ, நூல் துண்டு மாதிரி ஓடுவதுதான் இலைப்பேன். சாமந்திப் பூவிலும் அதே மாதிரி தட்டிப் பார்க்க அடுத்த தோட்டக்காரரைக் கேளுங்கள். பறித்து முடித்த செடியை உடனே உழுதுவிடச் சொல்லி அவரிடம் பேச அதுவே நல்ல ஆரம்பமாக இருக்கும். அவர் தக்காளிக்கும் அது நல்லது.

இனிச் செய்யவேண்டியவை. விதைக்கு விட்ட செடிகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், மனசு கேட்காது என்று தெரியும். புதுப் பாத்திகளுக்கு நடுவே மாதக்கணக்கில் நிற்கும் பழைய செடியைவிட நல்ல நோய்க் கிடங்கு கிடையாது. நோய்ச் செடியைப் பிடுங்கும்போது அந்த இடத்திலேயே பையில் போட்டு, வாய் கட்டி, ஒரு வாரம் வெயிலில் வைத்து அப்புறம் உரக்குழிக்கு அனுப்புங்கள். வேலி ஓரக் குவியலை இன்றே மூடுங்கள். செடி வாட வாட அதிலிருக்கும் பூச்சி எல்லாம் அடுத்த பச்சைக்குத்தான் போகும், அங்கிருந்து உங்கள் முதல் பாத்தி எத்தனை அடி? கத்தி, கை வழியாகப் பரவுமே என்ற கவலை இந்த இரண்டு நோயிலும் பெரிதாக வேண்டாம்.

வலைக்கு உள்ளேயும் வெளியேயும் களை எடுக்கவேண்டும். ஒடித்தால் பால் வடிந்து, மஞ்சளாகப் பூக்கும் களைகளில் பல லெட்யூஸின் உறவு, தேமல் அவற்றில் தங்கும். பார்த்தீனியத்தை இங்கே யாரும் கண்டுகொள்வதே இல்லை. 2000-ல் ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்தில் நிலக்கடலையைக் கூண்டோடு காயவைத்த வைரஸ் பார்த்தீனியத்தின் மகரந்தத்தில் இருந்து, இலைப்பேன் மூலமாக வந்ததுதான். உங்களுடையது அதே வைரஸ் என்று சொல்லவில்லை, பூக்கும் பார்த்தீனியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

உங்கள் நிழல்வலை வெயிலைத்தான் தடுக்கும், பூச்சியைத் தடுக்காது. அரை ஏக்கருக்கும் பூச்சிவலை போடச் சொல்லமாட்டேன். செலவும் ஆகும், உள்ளே காற்று ஓடாமல் புழுக்கத்தில் லெட்யூஸ் சீக்கிரம் பூத்தண்டு விட்டுவிடும். நாற்றுக்கு மட்டும் 40 அல்லது 50 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு அத்தனை கண்) வலையில், இரட்டைக் கதவோடு ஒரு சின்னக் கூண்டு கட்டுங்கள். குழித்தட்டுகள் மூன்று, நாலு வாரம் அதற்குள் இருந்தால் போதும். சின்ன வயதில் தொற்றிய செடிதான் முழுக்க வீணாகும். ஓரளவு வளர்ந்த பிறகு வந்தால் விற்கிற அளவுக்குத் தேறிவிடும். அந்த மெஷ்ஷில் அசுவினியும் வெள்ளை ஈயும் நிற்கும், இலைப்பேனில் சில நுழையும் என்பதால் உள்ளே நீல ஒட்டுப்பொறி ஒன்று தொங்கட்டும். அசுவினிக்கு மஞ்சள் பொறி. பொறியை நம்பி உட்காராதீர்கள், அது எப்போது வருகிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கத்தான்.

நடும்போது வெள்ளி நிற நிலப்போர்வை (பாத்தியை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) போட்டு, பளபளக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். வானத்தின் வெளிச்சம் கீழிருந்தும் வருவதால் சிறகு அசுவினி இறங்கக் குழம்பும். செடி வளர்ந்து போர்வையை மூடிவிட்டால் அந்தப் பலன் போய்விடும், ஆனால் முக்கியமான ஆரம்ப வாரங்கள் கடந்திருக்கும். ஓரத்தில், முக்கியமாகக் கிழக்கில், மூன்று வரிசை சோளம் நெருக்கமாக விதைத்து, முழங்கால் உயரம் தாண்டிய பிறகு லெட்யூஸ் நடுங்கள். உள்ளே வரும் அசுவினி முதலில் சோளத்தில் குத்திப் பார்க்கும். லெட்யூஸ் தேமல் சோளத்துக்கு வராது, வாயில் ஒட்டியிருக்கும் வைரஸ் அங்கேயே கழிந்துவிடும். காசு குறைவான இந்த வேலையை நான் பார்த்தவரை எல்லாரும் கடைசியில்தான் செய்கிறார்கள்.

அப்புறம், பத்து நாளைக்கு ஒரு நாற்று என்று வருஷம் பூராவும் ஓட்டுவதை நிறுத்துங்கள். பழைய பாத்தியின் நோய் புதிய பாத்திக்கு நடந்தே வந்துவிடுகிறது. சலினாஸ் இருக்கும் மான்டரே மாவட்டத்தில் டிசம்பர் 7 முதல் 21 வரை நிலத்தில் லெட்யூஸ் செடியே இருக்கக் கூடாது என்று சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஏப்ரல் கடைசியில் நிறுத்துவது சரியாக இருக்கும். அந்த வெயிலில் பாதி எப்படியும் பூத்தண்டு விட்டுக் கசந்துபோகும். ஒரு இலை மிச்சமில்லாமல் எடுத்து, மூன்று, நாலு வாரம் நிலத்தைச் சும்மா போடுங்கள். களையும் இருக்கக் கூடாது, இல்லையென்றால் ஓய்வு கொடுத்ததில் அர்த்தமில்லை. கஃபேக்காரர்களிடம் இப்போதே சொல்லி வைத்தால், அந்த மாதத்துக்கு அவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள்.

மீண்டும் தொடங்கும்போது விதையை வாங்குங்கள். லெட்யூஸ் தேமலைத் தாங்கும் ரகங்கள் உண்டு. விதை நிறுவனத்தின் ரகப் பட்டியலில் எல்.எம்.வி. என்று, லெட்யூஸ் தேமல் வைரஸின் ஆங்கிலச் சுருக்கமாக, போட்டிருக்கும். இல்லையென்றால், அந்த விதைத் தொகுப்பு தேமலுக்குச் சோதிக்கப்பட்டதா என்றாவது கேளுங்கள். வீட்டு விதை எடுக்க ஆசையென்றால் கீரைகளில் எடுங்கள், கொத்தமல்லியில் எடுங்கள். லெட்யூஸில், இந்தத் தோட்டத்தில், வேண்டாம்.

விற்பனைக்கு வருகிறேன். செடியின் வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. தேமல் இலையைச் சாப்பிட்டு யாருக்கும் எதுவும் ஆகாது, கொஞ்சம் கடினமாகவும் கசப்பாகவும் இருக்கலாம். எனக்குக் கவலை நீங்கள் மூன்று முறை அடித்த மருந்துதான். பச்சையாகச் சாப்பிடுகிற இலை இது. மருந்துச் சீட்டில் எந்தப் பயிருக்கு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்தவேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் லெட்யூஸ் பெயர் இல்லையென்றால் அந்தப் பாத்தியை விற்கவேண்டாம். ஒரு பயிருக்கு எஞ்சிய மருந்தின் அளவு தனியாக நிர்ணயிக்கப்படாத இடத்தில், உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். அதைத் தாண்டுவது சுலபம். கஃபேக்காரர் கேட்டால் நோயைப் பற்றித் தைரியமாகச் சொல்லுங்கள், மருந்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஐஸ்பெர்க்கின் உள்ளிலை விளிம்பு மட்டும் கருகுவதைப் பார்த்தால் பயப்படாதீர்கள். அது சுண்ணாம்புச் சத்து நுனிக்குப் போய்ச் சேராததால் வருவது, தண்ணீரை ஒரே சீராக விட்டால் குறையும்.

கடைசியாக, நான் சொன்ன இரண்டு பெயரையும் சோதனையில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும், ஹெப்பாளம் பக்கம் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சர்ஜாபுரத்திலிருந்து ஹெசரகட்டா என்றால் ஊரையே குறுக்கே தாண்டவேண்டும், அதனால் முதலில் தொலைபேசியில் கேட்டு, எந்த நாளில் மாதிரி வாங்குவார்கள் என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். காய்ந்த இலை உதவாது. தேமல் செடியில் நடுவிலிருக்கும் இளம் இலை, கிழக்கு ஓரத்தில் புள்ளி இப்போதுதான் விழத் தொடங்கிய இலை, ஒவ்வொன்றிலும் நாலைந்து. ஈரம் துடைத்து, டிஷ்யூ தாளில் சுற்றி, தனித்தனிப் பையில் போட்டு, எந்தப் பாத்தி என்று எழுதி, ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள். ஐஸ் நேரடியாக இலையில் படக் கூடாது. மீதியிருக்கும் ரொமெய்ன் விதையிலும் கொஞ்சம் கையோடு கொண்டுபோய், முளைக்கவைத்துச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள்.